மாற்றாள் வரும்வரை

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்களுக்குச் சத்தியம் செய்து காட்டும் வயதை நான் தாண்டிவிட்டேன். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் ஒரு தேநீர்க் கடையில் இதில் பாதியைச் சொன்னபோது நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர், எந்தக் கடையில் சிகரெட் வாங்குகிறாய் என்று கேட்டார். சிரிக்கட்டும். வேறு யாரும் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் மனைவி தர்மிளாவுக்கு என்மேல் ஒரு குறை. வீட்டைவிட்டுப் புறப்படும்போது நான் எதுவும் சொல்வதில்லை. எங்கள் ஆட்கள் யாரும் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் புறப்பட மாட்டார்கள். ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்வார்கள். போகிறவர் திரும்பி வர வேண்டும் அல்லவா, அதற்காக. நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஊமை மாதிரிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன். “என்ன மனுசன் நீங்கள்” என்று பின்னால் அவள் குரல் கேட்கும்.

ஏன் சொல்வதில்லை என்பதை அவளுக்கு இதுவரை சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். கால் வலிக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் வருகிறேன்.

என் பெயர் ஐங்கரன். 2007இல் பாரிசுக்கு வந்தேன். அப்போது எங்களுக்குக் கலியாணமாகி நான்கு மாதம்கூட முடியவில்லை. பஸ்ஸில் ஏறும்போது தர்மிளாவிடம் ‘போட்டு வாறன்’ என்றேன். தலையை ஆட்டினாள். 2009இல் சண்டை முடிந்தபோது அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே பல மாதங்கள் தெரியவில்லை. அந்த வருடக் கடைசியில் முகாமிலிருந்து வெளியே வந்து ஒரு கடையிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். ‘அலோ’ என்றாள். பிறகு ரெலிபோன் கார்ட்டில் காசு முடியும்வரை இருவரும் அழுதோம். வேறு எதுவும் பேசவில்லை.

அவளைப் பிரான்சுக்குக் கூப்பிட வேண்டும். அதற்கு ஒரு வருடச் சம்பளத் துண்டுகளை விடாமல் காட்ட வேண்டும். நடுவில் ஒரு மாதம் விடுபட்டாலும் கோப்பு திரும்பி வந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித் திரும்பி வந்தது. அதற்குள் இரண்டு உணவகங்கள் பூட்டப்பட்டன, ஒரு முதலாளி ஓடிப்போனார். 2011 மார்ச்சில் ஒரு துப்புரவுக் கம்பனி மூலம் கிடைத்த வேலையைப் பிடித்தேன். வானம் இடிந்து விழுந்தாலும் 2012 மார்ச் வரை இதை விடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலை, ஒபர்வில்லியே பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில். அந்தக் கிடங்கு பாரிசில் இருக்கும் ஓர் இராணுவத் தலைமையகத்துடையது. அதன் பெயரை எழுத மாட்டேன். வேலைக்குச் சேரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதாகக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அரசர்கள் காலத்தில் தொடங்கியது என்றார்கள். நகரத்தைச் சுற்றியிருந்த மதில், அதன் வாசல்கள், பூட்டு, திறப்பு எல்லாம் ஒரு காலத்தில் அதன் பொறுப்பில் இருந்தனவாம். எதிரி வந்தால் முதலில் எழும்ப வேண்டியவர்கள் அவர்கள்தான். இப்போது மதிலும் இல்லை, எதிரியும் இல்லை. வெளிநாட்டு ஜனாதிபதி வந்தால் அணிவகுத்து நிற்பார்கள். பெரிய மனிதர் செத்தால் பெட்டியைத் தூக்குவார்கள். ஜூலையில் ஊர்வலம் நடத்துவார்கள். அதற்கு வேண்டிய சாமான்கள்தான் அந்தக் கிடங்கில் இருந்தன. சிவப்புக் கம்பளங்கள், விருந்தினர் உட்காரும் பொன்நிறக் கதிரைகள், கொடிக்கம்பங்கள், வெள்ளைக் கையுறைப் பெட்டிகள்.

பிறகு, காவல் கூண்டுகள். வாசலில் ஒரு சிப்பாய் நிற்பாரே, மழைக்கு ஒதுங்க ஓர் ஆள் மட்டும் கொள்ளும் மரக் கூண்டு, அது. நீலம் வெள்ளை சிவப்பு என்று சரிவாகப் பட்டை அடித்த கூண்டுகள் ஒரு வரிசையாக நிற்கும். கடைசியில் மட்டும் ஒன்று வேறு மாதிரி. வர்ணமே இல்லை. மரம் கறுத்துப் போயிருந்தது. மற்றவை எல்லாம் வெளியே பார்த்து நின்றன. அது மட்டும் சுவரைப் பார்த்து நின்றது.

கிடங்குக்குப் பொறுப்பாளர் லாசர். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று அங்கேயே சிவில் வேலைக்கு வந்தவர். அறுபதை நெருங்கிய வயது. மீசைக்கு மட்டும் தனியாகச் சம்பளம் வாங்குகிறவர் போல அதைத் தடவிக்கொண்டே இருப்பார். நான் அண்ணை என்பேன். அவர் தம்பி என்பார்.

“முன்னெல்லாம் ஊரையே காவல் காத்தோம், தம்பி. இப்போ கம்பளம் விரிக்கிறோம். சரி... அதுவும் வேலைதான்” என்று முதல் நாளே சொன்னார்.

அங்கே எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஓ ருவார்’ சொல்லாமல் ரொட்டி விற்கும் பாண் கடையிலிருந்துகூட வெளியே வர மாட்டார்கள். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். லொறி ஓட்டும் ழான்-லூக் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கே ‘ஓ ருவார்’ சொல்லும் ஆள். ஆனால் கிடங்கைவிட்டுப் போகும்போது வாயைத் திறக்க மாட்டார். லாசரும் அப்படித்தான். ஐந்து மணிக்குத் தொப்பியை எடுப்பார், போய்விடுவார். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. கூட்டுகிறவனுக்கு என்ன மரியாதை என்று நினைக்கிறார்களாக்கும் என்று உள்ளுக்குள் கோபப்பட்டேன்.

நான் ஆறு மணிவரை நிற்பேன். குளிர்காலத்தில் ஐந்துக்கே இருட்டிவிடும். அந்தப் பெரிய கிடங்கில் நானும் கூட்டுகிற தும்புத்தடியும்தான்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். மற்ற நால்வரும் உணவகங்களில் இரவு வேலை. நான் புறப்படும்போது தூங்குவார்கள். நான் திரும்பும்போது போயிருப்பார்கள். கட்டில்கள் சூடாக இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். கிழமைக்கணக்கில் ஒருவரோடும் தமிழில் பேசாமல் இருந்திருக்கிறேன். ‘போட்டு வாறன்’ என்று சொல்லவாவது ஓர் ஆள் வேண்டும் என்று இருந்தது. சிரிக்காதீர்கள். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் கிடங்குக்குச் சொன்னேன். மாலை விளக்கை அணைக்கும்போது கூண்டுகளைப் பார்த்து, “சரி ராசா, போட்டு வாறன்” என்பேன். ஒரு விளையாட்டு. நாலைந்து நாளில் பழக்கமாகிவிட்டது. சொல்லாமல் போனால் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

நவம்பரில் ஒருநாள் பின்பக்கம் கூட்டுவதற்காக அந்தக் கறுத்த கூண்டைத் திருப்பி வைத்தேன். உள்ளே தூசி இல்லை. மற்றக் கூண்டுகளில் விரல் வைத்தால் எழுதலாம், அவ்வளவு தூசி. இதன் அடிப்பலகை மட்டும் சுத்தமாக இருந்தது. நடுவில் இரண்டு இடம் தேய்ந்து குழிந்திருந்தது. கால் வைக்கும் இடம்.

அன்று மாலையும் வழக்கம்போல், “போட்டு வாறன்” என்றேன்.

டக்.

பூட்ஸ் குதிகால் இரண்டும் சேர்ந்தால் வரும் சத்தம். ஒரே ஒருமுறை. மரம் குளிரில் வெடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு பூட்டினேன்.

மறுநாள் மத்தியானம் உள்ளே நுழைந்தபோது மறுபடி, டக். கூண்டு திரும்பவும் சுவரைப் பார்த்து நின்றது.

“அதை ஏன் திருப்பினே?” என்று லாசர் கேட்டார். அவர் மீசையைத் தொடவில்லை.

“கூட்டத்தான், அண்ணை.”

“அதைச் சுத்தியே கூட்டு. திருப்பாதே.”

“ஏன்?”

“சொன்னதைச் செய்.”

இரண்டு நாள் கழித்து என் வேலைச் சப்பாத்து மினுங்கியது. கறுத்த தோல் சப்பாத்து, கிடங்கின் கதவுக்குப் பின்னால் கழற்றி வைத்துவிட்டுப் போவேன். அழுக்கும் சுண்ணாம்பும் படிந்து சாம்பல் நிறமாக இருந்ததை யாரோ முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்திருந்தார்கள். லேஸ்கூட மாறியிருந்தது. நான் எல்லோரையும் போலக் குறுக்குமறுக்காகக் கட்டுவேன். இது ஏணிப்படி போல நேர்நேராகக் கோக்கப்பட்டிருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன். வெட்கமில்லை. இந்த ஊருக்கு வந்து நாலரை வருடத்தில் எனக்காக ஒருவரும் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூடக் கழுவி வைத்ததில்லை. லாசர்தான் செய்திருக்கிறார், கடுமையாகப் பேசியதற்குச் சமாதானம் என்று நினைத்தேன். போய், “மெர்சி, அண்ணை” என்றேன்.

“எதுக்கு?”

“சப்பாத்துக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் லேஸையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “தம்பி... நீ போகும்போது ஏதாவது சொல்லிட்டுப் போறியா?”

“என்ன சொல்லுறது?”

“போயிட்டு வரேன்னு... அப்படி ஏதாவது?”

நான் இல்லை என்றேன். ஒரு வளர்ந்த மனிதன் மரக் கூண்டோடு பேசுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அன்றுதான் அவர் அந்தக் கூண்டைப் பற்றிச் சொன்னார். அது லா ஷப்பேல் வாசலில் நின்றது. நாங்கள் இன்று கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகும் தெருக்களுக்குக் கொஞ்சம் வடக்கே, மதில் இருந்த காலத்தில் நகரத்தின் வாசல். முதல் உலகப் போருக்குப் பிறகு மதிலை இடித்தார்கள். வாசல் போனது. கூண்டு மட்டும் இங்கே வந்தது.

“காவல்ல நிக்கிறவன் தானாப் போக முடியாது. மழையோ பனியோ, மாத்தாளு வந்தாத்தான் இறங்கலாம். அதான் சட்டம். நானும் நின்னிருக்கேன்.”

“அதுக்கு?”

“மதிலை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்துது. வாசலை எடுக்கச் சொல்லி வந்துது. கடைசியா நின்னவனை இறங்கச் சொல்லி யாரும் சொல்லலைன்னு ஒரு பேச்சு. எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னார். அவருக்கு வேற யாரோ.”

“செத்துட்டானா, அண்ணை?”

“செத்ததாவும் யாரும் சொல்லல. அதுதான் எனக்குப் பிடிக்கல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் சொல்லாமல் புறப்படுவோம். சாவீட்டிலிருந்து. ழான்-லூக்கும் லாசரும் மற்றவர்களும் அந்தக் கிடங்கைவிட்டு அப்படித்தான் போனார்கள். அவர்களுக்கு மரியாதை தெரியாமல் இல்லை. நான்தான் தினமும் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். சொன்னபடி தினமும் வந்தும் இருக்கிறேன்.

வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அன்றிரவு தர்மிளா ரெலிபோனில், “இன்னும் எத்தினை துண்டு வேணும்?” என்று கேட்டாள். சம்பளத் துண்டைத்தான் கேட்டாள். “கொஞ்சம்தான்” என்றேன். விடவில்லை.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினேன். ஆனாலும் சப்பாத்து மினுங்கியது. ஜனவரியில் என் மேலங்கியில் விழுந்திருந்த பொத்தான் தைக்கப்பட்டிருந்தது. ஒருநாள் வாளியின் விளிம்பில் ஒரு சோடி வெள்ளைக் கையுறை மடித்து வைத்திருந்தது. போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது, என் அளவு.

பிறகு 2012 பெப்ரவரி.

அந்தக் கிழமை பாரிசில் கடும் குளிர். லாசர் ஏதோ ஒரு சடங்குக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ழான்-லூக்கோடு மூன்று மணிக்கே போய்விட்டார். அன்றைக்கு இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். உள்ளே வந்தபோது டக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்து நிற்க வேண்டிய கூண்டு, வெளியே பார்த்து நின்றது.

சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று வேகமாகக் கூட்டினேன். ஐந்து நாற்பதுக்கு விளக்கு அணைந்தது.

பெரிய கிடங்கின் இருட்டு வீட்டு இருட்டு மாதிரி இல்லை. கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அசையாமல் நின்றேன். ஈரக் கம்பளித் துணியின் மணம் வந்தது. மழையில் நனைந்த உடுப்பை வெயிலில் போடாமல் வைத்தால் வருமே, அந்த மணம்.

டக்.

இடப்பக்கம். தூரத்தில்.

போனை எடுத்து அதன் சின்ன விளக்கைப் போட்டேன். வரிசையின் கடைசியில் வெறும் தரை. கறுத்த கூண்டு அங்கே இல்லை.

டக்.

இப்போது முன்னால்.

விளக்கைத் திருப்பினேன். கூண்டு கதவடியில் நின்றது. எனக்கும் கதவுக்கும் நடுவில். என்னைப் பார்த்தபடி. உள்ளே ஒருவரும் இல்லை. ஆனால் அடிப்பலகை ஈரமாக இருந்தது. இரண்டு கால் அளவுக்கு.

சுற்றிக்கொண்டு ஓட நினைத்தேன். வலப்பக்கம் இரண்டு எட்டு வைத்தேன்...

வைத்தது நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது, முதுகில் மரம்.

கூண்டுக்குள் நின்றேன்.

கையில் வெள்ளைக் கையுறை.

எனக்கு முன்னால் யாரோ நடந்து போனார்கள். சீமெந்துத் தரையில் பனியை மிதிக்கும் சத்தம். சரக்... சரக்... சரக்... அவசரமில்லாமல். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் நடை.

பிறகு அதுவும் இல்லை.

போன் அடித்தது. தர்மிளா. அவள் அழைப்புக்கு வைத்திருந்த பாட்டு. எடுக்கக் கை உயரவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

எனக்குப் பயமாக இருக்கவில்லை. பயமே இல்லை. வந்த நாளிலிருந்து இந்த ஊரில் எனக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை. அந்தக் கூண்டு எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. இங்கே நிற்கலாம். யாராவது வருவார்கள். வரும்வரை நிற்கலாம்... இப்படித்தான் நினைத்தேன்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. டோர்ச் வெளிச்சம். லாசர். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு எடுக்க வந்திருந்தார்.

அவர் ஓடி வரவில்லை. கத்தவும் இல்லை. சற்றுத் தள்ளி நின்று டோர்ச்சைத் தரையில் வைத்தார். உடம்பை நிமிர்த்தினார். எனக்குச் சல்யூட் அடித்தார். பிரெஞ்சில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். என் கால்கள் இளகின.

“தம்பி, இறங்கு” என்றார். “பேசாதே. நான் நிக்கிறேன்.”

இறங்கினேன். அவர் என் கையிலிருந்த கையுறையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார். அவருக்கு அது சின்னது, விரல் முழுவதும் போகவில்லை. கூண்டுக்குள் ஏறி நின்றார்.

“போ. ஒண்ணும் சொல்லாமப் போ.”

ஓடினேன். நிற்காமல் மெத்ரோவரை ஓடினேன். ஐந்து நிமிடம் நின்றிருப்பேன் என்று நினைத்திருந்தேன். நிலையத்து மணிக்கூட்டில் ஏழரை. தர்மிளாவுக்கு எடுத்தேன். “எங்கை போட்டியள்? ஏன் எடுக்கேல்லை?” என்று அழுதாள். கை மரத்துவிட்டது என்றேன். அது பொய் இல்லை.

மறுநாள் லாசர் வழக்கம்போல் வந்தார். “கொஞ்ச நேரம் நின்னேன். அலுத்துப் போச்சு. இறங்கி வந்துட்டேன்” என்று சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் சிரிக்கும்போது அவர் இரண்டு குதிகாலும் ஒட்டியிருந்தன. என்னை முன்பக்க அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார். கடைசித் துண்டு வரும்வரை அங்கேதான் கூட்டினேன். கிடங்குக்குள் பிறகு நான் போகவேயில்லை.

தர்மிளா 2013இல் வந்தாள். எனக்கு ருவாசி விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. கூசேன்வில்லில் வீடு எடுத்தோம். அடுத்த வருடம் கிருஷிகன் பிறந்தான். நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுத வேண்டும்.

லாசர் இடைக்கிடை ரெலிபோன் எடுப்பார். அதிகம் பேச மாட்டார். “தம்பி, எப்போ வரே?” என்பார். சாப்பாட்டுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று, “வாறன் அண்ணை, கட்டாயம் வாறன்” என்பேன். நாம் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதானே. போகவில்லை. அவரைப் பார்த்தால் அந்தக் கிடங்கு நினைவு வரும்.

2019 நவம்பரில் அவர் இறந்துவிட்டார் என்று ழான்-லூக் செய்தி அனுப்பினார். தர்மிளாவையும் கிருஷிகனையும் கூட்டிக்கொண்டு சார்செல்லில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு அதற்காகவே ஒரு கறுப்புச் சப்பாத்து வாங்கினோம்.

அவர் மனைவி ஜெனவியேவ், அவரும் புதுச்சேரிக்காரர், என்னை அதுவரை பார்த்ததில்லை. பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா ஐங்கரன்?” என்றார். “ரிட்டயர் ஆனதிலேருந்து சாயந்திரம் ஆனா கதவுகிட்டப் போய் நிப்பார். நேரா நிப்பார். உக்காருங்கன்னா, மாத்தாளு வரட்டும்பார். யாருன்னு கேட்டா உங்க பேரைச் சொல்வார்.”

என் கையை விடாமல் மேலும் சொன்னார்.

“கடைசி வருஷம் படுக்கவே மாட்டேன்னுட்டார். ‘போட்டு வாறன் அண்ணைன்னு சொல்லிட்டுப் போனான், வருவான்’பார். உங்க யாழ்ப்பாணப் பேச்சுலயே சொல்வார். எங்களுக்குச் சிரிப்பா இருக்கும். நின்னபடியேதான் போனார், தம்பி. கையில வெள்ளை கிளவுஸ். அதை எங்கேருந்து எடுத்தார்னே தெரியல. அவருக்குச் சேரவே இல்ல.”

அந்த இரவு கிடங்குக் கதவடியில் நான் எதுவும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். லாசர் புதுச்சேரிக்காரர். ‘போட்டு வாறன்’ அவர் வாயில் வரும் பேச்சு இல்லை. ஓடும் அவசரத்திலும் என் வாய் பழக்கத்துக்குச் சொல்லியிருக்கிறது. அந்த மனிதர் ஏழு வருடமாக எனக்காகக் காத்து நின்றிருக்கிறார்.

மெழுகுதிரி எரிந்த அறையைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். தர்மிளாவுக்கும் தெரியும், சாவீட்டில் சொல்லக் கூடாது. இருவரும் பிள்ளையை மறந்துவிட்டோம்.

கிருஷிகன் எங்களுக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்வான். ஆனால் ஒரு வசனத்தை மட்டும் நல்ல தமிழில் சொல்வான். தகப்பன் சொல்லாத குறையைத் தீர்க்க, தர்மிளா அவனுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தாள்.

வாசலில் திரும்பி நின்று, தெளிவாக, “போட்டு வாறன்” என்றான்.

ஜெனவியேவ் அவன் தலையைத் தடவினார். “சின்னப் புள்ள” என்றார்.

உள் அறையில்... டக்.

எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். கிருஷிகன் எட்டிப் பார்த்தான். “பப்பா, சே கி?” என்றான். யார் அது என்று கேட்டான்.

மறுநாள் காலை அவனுடைய கறுப்புச் சப்பாத்து முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கியது. எங்கள் வீட்டில் பொலிஷ் இல்லை. அதைக் குப்பையில் போட்டேன். மினுக்கவே முடியாத கான்வாஸ் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த காலையில் அதன் லேஸ் ஏணிப்படி போலக் கோக்கப்பட்டிருந்தது.

“நீங்கள் கட்டினது எண்டெல்லோ நினைச்சன்” என்றாள் தர்மிளா.

அன்று மாலை ஐந்தரைக்கு அவன் விளையாட்டைப் போட்டுவிட்டு எழுந்தான். வீட்டுக் கதவடியில் போய் நின்றான். நேராக. குதிகால் இரண்டும் சேர்ந்திருந்தன. என்ன செய்கிறாய் என்றேன். “ஜத்தோன்” என்றான். காத்துக்கொண்டிருக்கிறானாம். யாரை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். ஐந்து வயதுப் பிள்ளை.

ழான்-லூக்குக்கு எடுத்தேன். அந்தக் கறுத்த கூண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறதா, உடனே வருகிறேன் என்றேன்.

“உனக்குத் தெரியாதா? லாசர் அதைக் கோடாரியால் உடைத்து எரித்துவிட்டாரே. அந்தக் குளிர் வந்த அடுத்த கிழமையே” என்றார்.

கூண்டு இல்லை. அப்படியென்றால் நான் எங்கே போய் நிற்பது? கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. லாசர் எங்கே நின்றாரோ அங்கே, வீட்டுக் கதவடியில்.

கிருஷிகனின் தோளைப் பிடித்து மெதுவாக விலக்கினேன். “நான் நிக்கிறன். நீ போய்க் கார்ட்டூன் பார்” என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நல்லவேளை, ஒன்றும் சொல்லாமல் போனான்.

டக்.

மறுநாள் காலை அவன் லேஸ் வழக்கம்போல் குறுக்குமறுக்காக இருந்தது. அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது. அவன் நன்றாகத் தூங்குகிறான்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. தினமும் மாலை ஐந்தரைக்குக் கதவடியில் போய் நிற்கிறேன். தர்மிளா முதலில் கேலி செய்தாள், பிறகு சண்டை பிடித்தாள். இப்போது ஒரு கதிரை கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறாள். “யார் வரப்போகினம் எண்டு நிக்கிறியள்? இருங்கோவன்” என்கிறாள். ஒருவரும் இல்லை என்கிறேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்காகத்தான் அந்த வேலையை விடாமல் பிடித்திருந்தேன். இப்போது அவள் அடுப்படியில் இருக்கிறாள், எட்டு அடி வைத்தால் போய்விடலாம். போக முடியவில்லை. இதையும் நின்றபடிதான் போனில் எழுதுகிறேன்.

நீங்கள் எப்போதாவது கூசேன்வில் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தர்மிளா நல்ல தேநீர் போடுவாள். கதவை நான்தான் திறப்பேன். போகும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் போங்கள். நானே ஞாபகப்படுத்துவேன்.

ஆனால் சில நாட்களில் கால் மிகவும் வலிக்கிறது. அந்த மாதிரி ஒரு நாளில் நீங்கள் வந்தால், நான் ஞாபகப்படுத்தாமல் இருந்துவிடக்கூடும்.